ஹெலிகாப்டர் விமானியின் வேலைச்சுமை: கட்டுமுன் கணிக்கும் முறை

தமிழ்நாட்டு அவைகளில் அவதானக்கலை போற்றப்பெற்று வந்ததை நம்மிற் பலரும் அறிவர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் கணக்கொன்று வினவுவார். வேறொருவர் இடையிடையே மணியை ஒலிப்பார். பிறிதொருவர் முதுகிற் சிறு கல்லை எறிந்துகொண்டேயிருப்பார். அவதானியார் இவை யாவற்றையும் உளங்கொண்டு, முடிவில் ஒன்றும் பிழையாமல் விடை கூறுவார். எட்டினைக் கவனிப்பவர் அட்டாவதானி. நூற்றினைக் கவனிப்பவர் சதாவதானி. 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு அவதானம் நிகழ்த்திச் சதாவதானி எனப் புகழ்பெற்றார்.

அவதானியார்க்குப் பிழை நேரின் அவையோர் நகைப்பர், அவ்வளவே. ஆயின் நள்ளிரவில், மரங்களின் உச்சியை உரசுமாறு, பகைவர் நிலத்தின்மீது ஹெலிகாப்டர் செலுத்தும் போர்விமானியும் ஒருவகை அவதானியே. அவர் கை இரண்டும் கால் இரண்டும் ஓயாது இயங்கவேண்டும்; கண் வெளியையும் கருவிகளையும் நோக்கவேண்டும்; செவி ரேடியோவைக் கேட்கவேண்டும்; உள்ளம் அடுத்த மலைச்சரிவை எண்ணவேண்டும். அவர் பிழை செய்யின் இழப்பது உயிர். ஆதலின், ஒரு மனிதர் ஒரே காலத்தில் எவ்வளவு செய்யக்கூடும் என்னும் வினா இங்கே வெறும் மனோதத்துவ வினாவாக நில்லாமல், யந்திரத்தை அமைப்போர் விடைகண்டே தீரவேண்டிய வினாவாகின்றது. அதிலும் யந்திரத்தைக் கட்டி முடித்தபின் விடை கண்டு பயனில்லை, கட்டுமுன்னரே காணவேண்டும். அங்ஙனம் முன்னரே கணிக்கும் முறை எவ்வாறு எழுந்தது, எவ்வாறு இயங்குகின்றது, எங்கே தவறுகின்றது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இரு கைகளும் இரு கால்களும்

இறக்கை விமானத்திற்கும் ஹெலிகாப்டருக்கும் உள்ள வேற்றுமையை முதலில் உணர்தல் வேண்டும். நன்கு அமைந்த இறக்கை விமானம் நெறிப்பட்டுப் பறக்கும்போது தானே நிலைத்து நிற்கும் இயல்புடையது. விமானி சிறிது நேரம் கையை எடுத்தாலும் அது உடனே கவிழ்ந்துவிடாது. தானியங்கித் துணையில்லாத ஹெலிகாப்டரோ அத்தன்மைத்தன்று. அந்தரத்தில் ஓரிடத்தே நிற்குங்கால் அதனை ஒவ்வொரு விநாடியும் திருத்திக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

விமானியின் இடக்கையில் 'கலெக்டிவ்' என்னும் நெம்புகோல் உள்ளது. அதனை உயர்த்தினால் தலைக்குமேற் சுழலும் பெருவிசிறியின் அலகுகள் யாவும் ஒருங்கே சாய்வு மிகுந்து, யந்திரம் மேலெழும். வலக்கையில் 'சைக்ளிக்' என்னும் கோல் உள்ளது. அதனை எப்பக்கம் சாய்க்கின்றாரோ அப்பக்கம் யந்திரம் செல்லும். கால்களின்கீழ் இரண்டு மிதிகள் உள்ளன; அவை வாற்புறத்துச் சிறுவிசிறியை ஆண்டு, மூக்கை இடமோ வலமோ திருப்பும்.

இடர் யாதெனின், இம்மூன்றும் ஒன்றையொன்று சாராமல் இயங்குவனவல்ல. இடக்கை நெம்புகோலை உயர்த்தினால் பெருவிசிறியின் முறுக்கம் மிகுந்து, யந்திரத்தின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பமுயலும். அதனைத் தடுக்கக் கால் மிதிக்கவேண்டும். மிதித்தவுடன் யந்திரம் பக்கவாட்டில் நகரத்தொடங்கும்; அதனைத் தடுக்க வலக்கை சாயவேண்டும். வலக்கை சாய்ந்தவுடன் மேலேற்றும் வலி குறையும். மீண்டும் இடக்கை உயரவேண்டும். ஒரு செயல் மூன்று செயல்களைப் பெறுகின்றது. பழகிய விமானியின் உடல் இவற்றை எண்ணாமலே செய்யும் என்பது உண்மையே. ஆயினும் எண்ணாமற் செய்யும் வேலையும் வேலையே.

இகோர் சிகோர்ஸ்கி அமைத்த ஆர்-4 என்னும் ஹெலிகாப்டர் 1942-ஆம் ஆண்டு சனவரியில் முதன்முறை பறந்தது. 1944-ஆம் ஆண்டு ஏப்பிரலில், பர்மாக் காட்டிற் பகைவர் நிலத்தில் வீழ்ந்துகிடந்த ஒரு விமானியையும் காயமுற்ற மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும், அவ்வகை யந்திரமொன்றில் லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன் என்பவர் மீட்டார். அச்சிறு யந்திரம் ஒருமுறைக்கு ஒருவரையே ஏற்றவல்லதாதலின், ஒவ்வொருவராகவே கொணரவேண்டியிருந்தது. போரில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு அதுவே. அந்நாளில் யந்திரத்தை வீழாமற் செலுத்துவதே விமானியின் முழுவேலையாக இருந்தது. பிற்காலத்தார் அவ்வேலையின்மீது வேறு பல வேலைகளை ஏற்றினர்.

போர்க்களம் ஏற்றிய பாரம்

ராடார்க் கருவியும் விமான எதிர்ப்பு ஏவுகணையும் பெருகியபின், உயரப் பறக்கும் ஹெலிகாப்டர் எளிதில் அழிக்கப்படும் என்பது தெளிவாயிற்று. எனவே நிலத்தின் மேடுபள்ளங்களை ஒட்டி, மரங்களினிடையேயும் மலையிடுக்குகளிலும் மறைந்து பறக்கும் முறை தோன்றியது. அடுத்து, இரவின் மறைவும் வேண்டப்பட்டது. அதன்பொருட்டு இரவுநோக்குக் கண்ணாடி வந்தது. மனிதர் இரு கண்ணாலும் ஏறக்குறைய 200 பாகை அகலம் காண்பர். அக்கண்ணாடியின் வழியே காண்பது ஏறத்தாழ 40 பாகையே. தலையைத் திருப்பித் திருப்பி நோக்கினாலன்றி அருகிலுள்ள மரக்கிளையும் புலப்படாது.

1975-ஆம் ஆண்டு முதற்பறப்பு நிகழ்த்திய அப்பாச்சி என்னும் ஹெலிகாப்டரில் இது மேலும் நுட்பமாயிற்று. விமானியின் வலக்கண்முன் ஒரு சிறு காட்சிக்கண்ணாடி நிற்கும். யந்திரத்தின் மூக்கிலுள்ள வெப்பநோக்குக் கருவி காண்பது அதிற் படமாய்த் தோன்றும். விமானி தலையைத் திருப்பினால் அக்கருவியும் உடன்திரும்பும். இடக்கண்ணோ யந்திரத்தின் உள்ளேயுள்ள கருவிகளையும் வெளியிருளையும் காணும். ஒரு கண் ஓருலகத்தையும் மறுகண் வேறோருலகத்தையும் காண, உள்ளம் இரண்டையும் இணைக்கவேண்டும். அன்றியும் கருவி இருப்பது மூக்கிலாதலின், விமானி தம் கண் இருக்குமிடத்திலிருந்து காணவில்லை. சில அடி முன்னும் கீழுமான ஓரிடத்திலிருந்து காண்கின்றார். பழகுமளவும் இது பெருந்தொல்லையே.

இவ்வகைச் சுமை ஒருங்கு கூடினால் நேரக்கூடியது யாது என்பதற்கு 1980-ஆம் ஆண்டு ஏப்பிரல் 24-ஆம் நாள் இரவு ஈரானியப் பாலைவனத்தில் நிகழ்ந்ததை நினைவுகூரலாம். அமெரிக்கப் பிணையாளரை மீட்கும்பொருட்டு நிமிட்ஸ் என்னும் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. விமானிகள் இரவுநோக்குக் கண்ணாடியணிந்து, ரேடியோ மௌனம் காத்துத் தாழப் பறந்தனர். இடையே எதிர்பாராத புழுதிமேகம் சூழ்ந்தது. ஒன்று வழியிற் கைவிடப்பட்டது, ஒன்று திரும்பிற்று, சேர்ந்த ஆறனுள் ஒன்று பழுதுற்றது. ஆறு வேண்டியவிடத்து ஐந்தே எஞ்சியமையின் முயற்சி நிறுத்தப்பெற்றது. திரும்பும் ஏற்பாட்டின்போது, எழும்பிய புழுதியினூடே இடம்பெயர்ந்த ஹெலிகாப்டரொன்று நின்றிருந்த பெருவிமானத்தின்மீது மோத, எண்மர் மாண்டனர். இத்தகைய துயரை ஒரு காரணத்தால் மட்டும் விளக்குதல் நேர்மையன்று. யந்திரப்பழுதும் வானிலையும் திட்டத்தின் குறையும் அதிற் பங்குடையன. எனினும் கண்ணுக்கு ஆதாரமில்லாத நிலையில், பல மணிநேரம் களைத்த விமானி, ஒரு சில விநாடிகளில் எத்துணை வேலையை ஏற்கவேண்டியிருந்தது என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது.

கேட்டறியும் முறைகள்

விறகுச்சுமையை நிறுக்கத் தராசுண்டு. உள்ளத்தின் சுமையை நிறுப்பது எங்ஙனம்? முதலில் தோன்றிய வழி, சுமந்தவரையே கேட்பது. 1969-ஆம் ஆண்டு கூப்பர், ஹார்ப்பர் என்னும் இருவர் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பறந்து முடித்த விமானி, படிப்படியாக அமைந்த சில வினாக்களுக்கு விடைகூறி, யந்திரத்திற்கு 1 முதல் 10 வரை ஓரெண் அளிப்பார். 1 மிக நன்று, 10 செலுத்தவொண்ணாதது. பின்னர் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டிலிருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தார் அதே வடிவிற் சுமைக்கென்றே தனி அளவுகோல் அமைத்தனர். அதன் அடிப்படை வினா எளியது: இவ்வேலையைச் செய்தபோது வேறொன்றைச் செய்ய உமக்கு எவ்வளவு ஆற்றல் மிஞ்சியிருந்தது? 1988-ஆம் ஆண்டு, நாசா நிலையத்தைச் சார்ந்த சாண்ட்ரா ஹார்ட் என்னும் அம்மையாரும் ஸ்டேவ்லாண்ட் என்பவரும் சுமையை ஆறு கூறாக்கினர்: உளவுழைப்பு, உடலுழைப்பு, காலநெருக்கடி, செயலின் வெற்றி, முயற்சி, மனக்கசப்பு. இவ்வளவுகோல் இன்று மருத்துவமனை முதல் மோட்டார் தொழிற்சாலை வரை பல துறைகளிலும் பயன்படுகின்றது.

இவை யாவும் நல்ல முறைகளே. ஆயினும் ஒரு பொதுக்குறை உண்டு. கேட்பதற்கு ஒரு விமானி வேண்டும். அவர் அமர்வதற்கு ஒரு யந்திரமோ அதன் போலியோ வேண்டும். யந்திரம் கட்டி முடிந்தபின் சுமை மிகை என்று தெரிந்தால், பெரும்பொருள் செலவிட்ட அமைப்பை மாற்றுவோர் அரியர். அப்பொழுது மாறவேண்டியவர் விமானியேயாவர். அவரை மேலும் பயிற்றுவிப்பர், அல்லது அவரே பிழை செய்தார் என்பர்.

ஒருவரா, இருவரா?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவத்தார் பழைய ஹெலிகாப்டர் வகைகள் பலவற்றிற்கு ஈடாக எல்.எச்.எக்ஸ். என்னும் புதிய இலகுவகை ஒன்றைத் திட்டமிட்டனர். அதில் ஒரே விமானி போதுமா, இருவர் வேண்டுமா என்னும் வினா எழுந்தது. ஒருவரே போதுமாயின் யந்திரம் இலேசாகும், செலவு குறையும், பயிற்றவேண்டிய விமானிகளும் பாதியாவர். புதிய தானியங்கிக் கருவிகள் இரண்டாமவரின் வேலையைச் செய்துவிடும் என்று நம்பினோர் பலர். யந்திரமோ இன்னும் தாளிற்கூட முழுவதும் வரையப்படவில்லை. எவரைக் கேட்பது?

அலபாமா மாநிலத்து ரக்கர் கோட்டை, அமெரிக்க இராணுவ ஹெலிகாப்டர் விமானிகள் பயிலுமிடம். அங்கே மெக்கிராக்கன், ஆல்டிரிச் என்னும் ஆராய்ச்சியாளர் 1984-ஆம் ஆண்டு ஒரு புதுவழி வகுத்தனர். ஒரு போர்ப்பயணத்தை முதலிற் பகுதிகளாகவும், பகுதிகளை உறுப்புகளாகவும், உறுப்புகளை வினைகளாகவும், வினைகளைத் தனித்தனிச் சிறுவேலைகளாகவும் பகுத்தனர். பிறகு ஒவ்வொரு சிறுவேலையும் கண், செவி, சிந்தனை, கைச்செயல் என்னும் நான்கனுள் எதனை எவ்வளவு வேண்டுகின்றது என்று 1 முதல் 7 வரை எண்ணிட்டனர். தொடக்கத்தில் முழுவெண்களாயிருந்த இவை, பின்னர் அறிந்தோரிடம் இரண்டிரண்டாக ஒப்பிட்டுக் கேட்டுப் பின்ன எண்களாகத் திருத்தப்பட்டன.

திருத்தப்பட்ட அளவில் சில எண்களைக் காண்பாம். கண்: ஒன்று தோன்றியதை உணர்தல் 1.0, ஒரு கருவியைச் சரிபார்த்தல் 4.0, நகர்வதைத் தொடர்ந்து நோக்கல் 5.4, எழுத்தைப் படித்தல் 5.9, எங்கும் தேடிக் கண்காணித்தல் 7.0. செவி: ஒலியை உணர்தல் 1.0, பேச்சின் பொருள் அறிதல் 4.9. சிந்தனை: பழக்கத்தால் தானே நிகழ்வது 1.0, ஒரு பொருளைமட்டும் எண்ணித் தீர்மானித்தல் 4.6, மனத்திற் பதித்து நினைவுகூரல் 5.3, கணக்கிடல் 7.0. கைச்செயல்: பேசுதல் 1.0, பொத்தானை ஒருமுறை அழுத்தல் 2.2, கோலை இடைவிடாது திருத்தல் 2.6, விசைப்பலகையில் அடுத்தடுத்து அழுத்தல் 7.0.

இனிக் கணிப்பொறியின் துணைகொண்டு பயணத்தின் ஒவ்வோர் அரை விநாடியிலும் எவ்வெவ் வேலைகள் ஒருங்கே நிகழும் என்று வரிசைப்படுத்துவர். ஒரே நொடியிற் கண்ணுக்குரிய எண்கள் யாவும் ஒருங்கு கூட்டப்படும். மற்ற மூன்றும் அவ்வாறே. எதன் கூட்டுத்தொகையேனும் 7-ஐக் கடந்தால் அந்நொடி சுமைமிகை நொடி எனக் குறிக்கப்படும். முறை இவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டு

இது விளங்குதற்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டினை யாமே அமைத்துக் காட்டுவாம். ஒரு விமானி தனியராய் இரவில் ஒரு பள்ளத்தாக்கு வழியே செல்கின்றார் என்று கொள்க. கண் வழியைத் தொடர்கின்றது: 5.4. கை கோலைத் திருத்துகின்றது: 2.6. சிந்தனை பழக்கவழிச் செல்கின்றது: 1.0. எதுவும் 7-ஐக் கடக்கவில்லை.

அப்போது ரேடியோவில் ஒரு குரல் புதிய இடத்தின் எண்களைக் கூறுகின்றது. செவிக்கு 4.9. அவ்வெண்களை மனத்திற் பதித்தல் 5.3 ஆதலின் சிந்தனை 6.3 ஆகின்றது. கண்ணும் கையும் முன்போலவே. இன்னும் எல்லை கடக்கவில்லை, ஆயினும் நெருங்கிவிட்டது.

அடுத்து அவ்வெண்களை விசைப்பலகையிற் பதித்தல் வேண்டும். கை 2.6-உடன் 7.0 கூடி 9.6 ஆகின்றது. பதித்ததைப் படித்தலால் கண் 5.4-உடன் 5.9 கூடி 11.3 ஆகின்றது. இரண்டும் எல்லை கடந்தன. இங்கே நோக்கத்தக்கது யாதெனின், எண்களைப் பதித்தல் கடினமான வேலையன்று. நிலத்தில் அமர்ந்து ஒரு சிறுவனும் செய்வான். பள்ளத்தாக்கு வழியே பறத்தலும் பழகியவர்க்கு இயல்பே. இரண்டும் ஒரே நொடியிற் சந்தித்தமையே இடர்.

இரண்டாமவர் ஒருவர் இருப்பின் எண்களை அவர் பதிப்பார். செலுத்துபவரின் கண் மீண்டும் 5.4, கை 2.6. பதிப்பவரின் கை 7.0, எல்லையிற் சரியாக நிற்கின்றது. ஆனால் அதே நொடியில் அவர் வாய்திறந்து ஒரு சொற் சொல்லவேண்டின் 1.0 கூடி 8.0 ஆகிவிடும். ஆகவே இருவர் அமர்ந்தமையால் மட்டும் யாவும் தீர்ந்துவிடா. ஒருவரோடொருவர் பேசுதலும் கேட்டலும் புதுவேலைகள். முன்பு ஒருவர் உள்ளத்தே நிகழ்ந்தது இப்பொழுது வாயாலும் செவியாலும் நிகழவேண்டும்.

இனி, ஆளைச் சேர்க்காமற் கருவியைச் சேர்ப்பாம். ரேடியோ வழியே எண்கள் தாமே வந்து பதியுமென்றும், விமானி ஒரு பொத்தானை அழுத்திச் சரிபார்த்தால் போதுமென்றும் கொள்க. கை 2.6-உடன் 2.2 கூடி 4.8, மிக நன்று. ஆனால் கண்? 5.4-உடன் சரிபார்த்தல் 4.0 கூடி 9.4. கையின் சுமை நீங்கிற்று. கண்ணின் சுமை நீங்கவில்லை. கண்ணையும் விடுவிக்க, யந்திரமே அவ்வெண்களைக் குரலாற் கூறுமாறு அமைத்தால் கண் 5.4, செவி 4.9, யாவும் எல்லைக்குட்பட்டன. ஆயின் அதே நொடியில் ரேடியோவும் பேசினால் செவி 9.8. சுமை மறைந்துவிடவில்லை, கையிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து செவிக்கும் இடம்பெயர்ந்தது.

இம்முறையின் பயன் இதுவே. எத்தனை எண் கூடிற்று என்பதைவிட, எந்த நொடியில், எந்தப் புலனில், எவ்விரு வேலைகள் மோதுகின்றன என்பதனை யந்திரம் தாளில் இருக்கும்போதே இது சுட்டிக்காட்டுகின்றது. ஒவ்வொரு தானியங்கியையும் கணக்கிற் சேர்த்தும் நீக்கியும் பார்க்கலாம். அதற்குச் செலவாவது உழைப்பும் காலமுமேயன்றி உயிரன்று.

கணக்கு கூறிய விடை

எல்.எச்.எக்ஸ். பயணங்களை இவ்வாறு கணித்தபோது, ஒருவர் அமர்வில் நேரும் சுமைமிகை நொடிகள் இருவர் அமர்வில் நேர்வனவற்றைவிட மிகப் பல என்று தெரிந்தது. முடிவில் யந்திரம் இருவர்க்கென்றே அமைந்தது. கொமான்சி எனப் பெயர்பெற்ற அது, முன்பின்னாக இரண்டு இருக்கைகளுடன் 1996-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் முதன்முறை பறந்தது. 2004-ஆம் ஆண்டு பிப்பிரவரியில், ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவானபின், அத்திட்டமே கைவிடப்பட்டது. அதன் காரணங்கள் வேறு. யந்திரம் மறைந்தாலும் அதன்பொருட்டுத் தோன்றிய கணக்குமுறை மறையவில்லை. அப்பாச்சி, பிளாக் ஹாக், சினூக் என்னும் ஹெலிகாப்டர்களுக்கும் அம்முறையே கணிப்புகள் செய்யப்பட்டன. அமெரிக்க இராணுவ ஆராய்ச்சிக்கூடத்தார் அமைத்த இம்பிரின்ட் என்னும் கணிப்பொறிக் கருவியும் இந்நான்கு புலன்களின் எண்களைப் பயன்கொள்கின்றது.

நம் நாட்டில் அமைக்கப்பெற்று 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விமானப்படையிற் சேர்ந்த பிரசண்ட் என்னும் போர்ஹெலிகாப்டரிலும் இருவரே முன்பின்னாக அமர்கின்றனர். அரக்கோணத்து இராஜாளித் தளத்திலுள்ள கடற்படை ஹெலிகாப்டர்ப் பள்ளியிற் பயிலும் இளைஞரும், இடக்கை வலக்கை மிதி என்னும் அதே மும்முனைப் போராட்டத்தோடுதான் தம் கல்வியைத் தொடங்குகின்றனர். யந்திரங்கள் வேறாயினும் மனிதரின் கண்ணும் செவியும் எங்கும் ஒன்றே.

கணக்கின் குறைகள்

எந்த அளவுகோலுக்கும் எல்லையுண்டு. அதனை அறியாதார் கையில் அது தீங்காகும். இம்முறைக்குரிய குறைகள் நான்கினைக் கூறுவாம்.

முதலாவது, எண்களைக் கூட்டுதலே ஐயத்துக்குரியது. இரண்டு காட்சிகள் அருகருகே இருப்பின் கண் இரண்டனையும் எளிதிற் காணும். ஒன்று வானத்தும் ஒன்று முழங்காலருகும் இருப்பின் காணாது. கூட்டுத்தொகையோ இரண்டிடத்தும் ஒன்றே. கிறிஸ்டபர் விக்கன்ஸ் என்னும் மனோதத்துவ அறிஞர், மனிதரின் கவன ஆற்றல் ஒரே குடமன்று, பல குடங்கள் என்று விளக்கினார். கண்வேலையும் செவிவேலையும் ஓரளவு ஒத்துப்போகும். கண்வேலை இரண்டு ஒன்றோடொன்று போரிடும். எனவே பின்வந்தோர் வேலைகளிடையேயுள்ள முரணுக்கும் எண்ணிட்டுக் கணக்கைத் திருத்தினர்.

இரண்டாவது, மனிதர் வண்டிமாடு அல்லர். சுமை மிகுந்தால் ஒன்றை ஒத்திவைப்பர், ஒன்றைக் கைவிடுவர். முதலிற் பறத்தல், பிறகு வழிகாணல், பிறகு பேசுதல் என்பது விமானிகள் இளமையிலேயே பயிலும் விதி. மேற்காட்டிய எடுத்துக்காட்டில், நல்ல விமானி பள்ளத்தாக்கைக் கடக்குமளவும் எண்களைப் பதிக்காமல் நிறுத்திவைப்பார். கணக்கு எல்லை கடந்ததென்று கூறுமிடத்தும் யாதொரு தீங்கும் நேராமற்போகலாம். ஆனால் ஒத்திவைத்தவை மனத்தில் நிற்கும். அவற்றை மறவாதிருத்தலும் ஒரு சுமையே.

மூன்றாவது, சுமை மிகுதல் மட்டுமன்று, குறைதலும் தீது. 1948-ஆம் ஆண்டு நார்மன் மாக்வொர்த் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், ஒரு கடிகார முள் எப்பொழுதோ ஒருமுறை இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டு அறிவிக்குமாறு சிலரை அமர்த்தினார். அரைமணி நேரத்திற்குள்ளேயே அவர்கள் தவறவிடத் தொடங்கினர். ராடார் நோக்குவோர் ஏன் தவறுகின்றனர் என்பதனை அறியவே அச்சோதனை எழுந்தது. யந்திரமே யாவும் செய்ய, விமானி வாளா நோக்கியிருக்கும் அமைப்பிலும் இதே இடர் உண்டு. கண்காணித்தலுக்கு 7.0 என்று எண்ணிட்டது பொருத்தமே. ஆனால் ஒன்றும் நிகழாத நெடுநேரத்தின் சோர்வை அவ்வெண் கூறாது.

நான்காவது, அச்சமும் உறக்கமின்மையும் வெப்பமும் இக்கணக்கில் இல்லை. துப்பாக்கிக் குண்டு பாயும் வேளையில் 5.4 என்பது 5.4 ஆக நிற்குமோ என்பதனைத் தாள் அறியாது.

இக்குறைகளின்பொருட்டே, கணித்ததோடு நில்லாமல், கண்டறிந்த சுமைமிகை நொடிகளைப் போலியந்திரத்தில் அமைத்து, மெய்யான விமானிகளை அமர்த்திப் பறக்கச்செய்து, பெட்ஃபோர்டு அளவுகோல் முதலியவற்றால் கேட்டறிகின்றனர். முன்கணிப்பு எங்கே பார்க்கவேண்டும் என்று கூறும். சோதனை அங்கே உள்ளது யாது என்று கூறும். ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையுறாது.

முடிவுரை

குருவி தலையிற் பனங்காயை வைத்தல் தவறென்பது யாவர்க்கும் தெரியும். பனங்காய் கண்ணுக்குப் புலப்படுவது. ஆனால் யந்திரம் அமைப்போர் எவரும் விமானியின் தலையிற் பனங்காயை வைக்க நினைப்பதில்லை. ஒருவர் ஒரு விளக்கைச் சேர்க்கின்றார். ஒருவர் ஒரு பொத்தானை. ஒருவர் ஓர் எச்சரிக்கை ஒலியை. ஒவ்வொன்றும் இலேசானதே, ஒவ்வொன்றும் விமானிக்கு உதவவே சேர்க்கப்பட்டது. மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் உரைத்த கருத்து இங்கே எழுத்துக்கெழுத்து உண்மையாகின்றது.

மாணவ நண்பர்களிற் சிலர் பின்னாளில் யந்திரம் அமைப்போராகவும், மருத்துவமனை நடத்துவோராகவும், பிறர்க்கு வேலை பகுத்தளிக்கும் அதிகாரிகளாகவும் ஆவர். அப்பொழுது, சுமப்பவர் பிழைசெய்தார் என்று கூறுமுன், அந்த ஒரு நொடியில் அவர்மீது எத்தனை வேலைகள் வந்து கூடின என்று எண்ணிப் பார்ப்பது நம் கடனாகும். அதனினும் சிறந்தது, அந்நொடி வருமுன்னரே எண்ணிப் பார்ப்பது. ரக்கர் கோட்டையார் செய்ததும் அதுவே. அவர்தம் எண்கள் குறையுடையனவாயினும், வேலையை ஏற்றுவோர் சுமப்பவரின் இருக்கையில் அமர்ந்து ஒவ்வோர் அரை விநாடியாக நினைத்துப் பார்க்குமாறு அவை செய்தன. அந்நினைவே அம்முறையின் பெரும்பயன் என்பது எமது துணிபு.